மருந்தும் டியூட்டியும்

கள்ளிக்குப்பத்து வீரராகவனால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதுகூட ஒரு காலைக் குத்திட்டு, எந்த நேரமும் எழுந்துகொள்ளத் தயாரானவர் போலத்தான் உட்காருவார். சின்ன வயதிலிருந்தே அப்படி. சண்டைக் காலத்தில் வட ஆப்பிரிக்காவிலும் பர்மா எல்லையிலும் கூடாரத்துக்குக் கூடாரம் மாறி வாழ்ந்ததில் அந்தப் பழக்கம் எலும்போடு ஒட்டிவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் ஆவடி ராணுவக் கிடங்கின் மருத்துவமனைக்கு மாற்றலாகி, வீட்டிலிருந்தே சைக்கிளில் வேலைக்குப் போய்வரும்படி ஆனபோது ஊரார் அதை யோகம் என்றார்கள். அவருக்கோ கட்டிப் போட்டது போலிருந்தது.

அவர் டாக்டர், ஆனால் ஆபீசர் இல்லை. அந்த ஒன்றுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. ராயபுரத்து மருத்துவப் பள்ளியில் படித்து எல்.எம்.பி. பட்டயம் வாங்கியவர். அந்தப் பட்டயத்துக்குப் பட்டாளத்தில் ஜமேதார் பதவிதான் கொடுத்தார்கள். குண்டு விழுந்த இடங்களில் கை கால் வெட்டி, மலேரியாக் கூடாரங்களில் தானும் கிடந்து, சுபேதார் வரை வந்துவிட்டார். அதற்கு மேல் அவருக்குப் படி இல்லை. கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து வருகிறவன் முதல் நாளே லெப்டினென்ட், சீக்கிரமே காப்டன். வார்டில் இருவரும் பார்ப்பது ஒரே வேலை. வார்டுக்கு வெளியே வந்தால் ஒருவர் சல்யூட் அடிக்க வேண்டும், மற்றவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆவடியில் அவர் சல்யூட் அடிக்க வேண்டியிருந்தது காப்டன் ஆனந்தனுக்கு. புரசைவாக்கத்துப் பிள்ளை, அறுவை சிகிச்சையில் கெட்டிக்காரன், மீசைகூட இன்னும் சரியாகக் கறுக்கவில்லை. அவன் ஆணவக்காரனாக இருந்திருந்தால் வீரராகவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் அவன் சல்யூட்டை வாங்கும்போது கூச்சப்பட்டான். அதுதான் அவருக்கு இன்னும் பொறுக்கவில்லை.

வழி ஒன்று திறந்திருந்தது. சண்டை முடிந்து திரும்பிய எல்.எம்.பி.க்காரர்களில் சிலரை மருத்துவக் கல்லூரியில் சுருக்கப் படிப்புக்கு அனுப்பினார்கள். அதை முடித்தால் எம்.பி.பி.எஸ்.; முடித்துத் திரும்பினால் ஆபீசர். ஆவடியிலிருந்து ஒருவருக்குத்தான் இடம். கர்னல் சிபாரிசு செய்ய வேண்டும். பட்டணத்திலிருந்து வரும் அதிகாரிகள் நேரில் கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். வீரராகவனுக்கு முப்பத்துநான்கு வயது. இந்தத் தடவை தவறினால் அடுத்த தடவை வயது இடம் கொடுக்காது என்று அவராகவே முடிவு கட்டிவைத்திருந்தார்.

கர்னலின் சிபாரிசு அவருக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. காரணம், காலை அணிவகுப்பு.

உடம்பு சரியில்லை என்று சொல்லும் சிப்பாய்கள் தினமும் காலையில் மருத்துவமனை முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். டாக்டர் ஒவ்வொருவனையும் பார்த்து ஒரு முடிவு எழுதுவார். சிலருக்குப் படுக்கை, சிலருக்கு ஓய்வு. மிச்சப் பேருக்கு 'மருந்தும் டியூட்டியும்', இங்கிலீஷ் சுருக்கத்தில் எம் அண்ட் டி. அதாவது, மருந்தைக் குடி, வேலைக்குப் போ. சண்டை முடிந்த பிறகு ஊருக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்த ஆட்களுக்கு வயிற்றுவலியும் முதுகுவலியும் தாராளமாக வந்தன. மற்ற டாக்டர்கள் குழம்பினார்கள். வீரராகவன் குழம்பவில்லை. யார் என்ன சொன்னாலும் அதில் பாதியைத் தள்ளிவிடுவார். மிச்சம் இருக்கும் பாதிக்கு மருந்து கொடுப்பார். அவர் வந்த பிறகு படுக்கைகள் காலியாயின, கர்னல் சந்தோஷப்பட்டார். சிப்பாய்கள் அவருக்கு 'டியூட்டி சாப்' என்று பெயர் வைத்தார்கள்.

வானகரத்துக் கோவிந்தன் அங்கே நர்சிங் ஆர்டர்லி. வாய்த்துடுக்கு அதிகம்.

"சாப், நேத்து ஒரு மெட்ராஸ்காரன் செத்துட்டேன்னு வந்து நின்னாலும் நீங்க எம் அண்ட் டிதான் எழுதுவீங்கன்னு பந்தயம் கட்டிகினு இருந்தான்."

"நிக்க முடிஞ்சா எழுதுவேன்" என்றார் வீரராகவன், தலையைத் தூக்காமல்.

உண்மையில் அவருடைய வித்தை காதில் இல்லை, கண்ணில் இருந்தது. பெயர் கூப்பிடும் முன்பே வரிசையைப் பார்த்துவிடுவார். வலது கணுக்கால் சுளுக்கு என்று சொல்லப் போகிறவன் வலது காலில் சாய்ந்து நின்று பீடி கேட்டுக்கொண்டிருப்பான். முதுகு முறிந்தவன் கீழே விழுந்த தொப்பியைக் குனிந்து எடுப்பான். வாய் பேச ஆரம்பிப்பதற்கு முன் உடம்பு பேசிவிடும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில் பிழை இல்லை. ஆனால் வருஷக்கணக்காக ஒரே மாதிரி மனிதர்களையே பார்த்ததில், பொய்யைப் பிடிப்பதற்கு மட்டுமே கண் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கள்ளிக்குப்பத்திலும் ஆட்கள் வருவார்கள். அவர்களையும் வாசலில் வரிசையாக நிற்கச் சொல்வார். பக்கத்து வீட்டுக் குப்பம்மாவுக்கு அது பிடிக்காது.

"இன்னா டாக்டரே, ரேஷன் வாங்கவா வந்து கீறோம்? முட்டி வலிக்கிதுன்னு வந்தவள நிக்க வச்சே கொன்னுடுவ போலக்கீதே."

"எவ்ளோ நாளா வலி?"

"எவ்ளோ நாளோ. யாரு எண்ணிகினு இருந்தா? நீ ஒரு எண்ணெயக் கொடு, போறேன்."

எண்ணெய் கொடுப்பார். குப்பம்மா முனகிக்கொண்டே போவாள். வீட்டுக்குள்ளிருந்து தாட்சாயிணி சிரிக்கும் சத்தம் கேட்கும்.

தாட்சாயிணி அவர் மனைவி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையாதபோது அவர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். அவள் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும் இங்கே அனைவரும் நலம் என்றே இருக்கும். அவளுக்கு டைபாய்டு வந்து முடியெல்லாம் கொட்டிப் போனதை, திரும்பி வந்த பிறகு குப்பம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டார். ஏன் எழுதவில்லை என்று கேட்டபோது, "எழுதினா அங்கேர்ந்து இன்னா செய்வீங்க?" என்று கேட்டாள். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

நேர்முகத்துக்கு நாள் குறித்ததிலிருந்து வீட்டில் யாராலும் அவரோடு பேச முடியவில்லை. சைக்கிளைத் துடைப்பார், திரும்பவும் துடைப்பார். ஏரிக்கரை வரை நடந்து போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவார். பழைய உடற்கூறு புத்தகத்தை எடுத்துப் பிரிப்பார். ஒரு பக்கம் படிப்பதற்குள் மூடுவார். கேட்கப் போகும் கேள்விகளுக்கு இங்கிலீஷில் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் அலைவார்.

"அந்த மாட்ட அவுத்து உங்கள அங்க கட்டலாம்" என்றாள் தாட்சாயிணி. "அதுவாச்சும் ஒரு எடத்துல நிக்கிது."

நேர்முகத்துக்கு முந்தின நாள் அவள் சாப்பிடவில்லை. அவர் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் அவர் பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது, கிணற்றிலிருந்து குடத்தோடு வந்தவள் நிலைப்படி அருகே நின்றாள்.

"வவுறு கொஞ்சம் நோவுது" என்றாள். "ஒண்ணும் இல்ல. எதுனா மருந்து கீதா?"

"சாப்பிட்டது சேரல. அலமாரியில அந்தப் பச்ச பாட்டில் இருக்கு பார், ரெண்டு ஸ்பூன் தண்ணியில கலந்து குடி. குடிச்சிட்டு வேலையப் பாத்தா சரியாயிடும்."

"ம்" என்று அவள் உள்ளே போனாள். அவருக்கு முன்னால் இட்லி வந்தது. சட்டை இஸ்திரி போட்டு வந்தது. புறப்படும்போது அவள் வாசலுக்கு வரவில்லை. அதுவும் அவர் மனதில் தைக்கவில்லை. இங்கிலீஷ் வாக்கியங்களை மென்றபடி அம்பத்தூர் தாண்டி, திருமுல்லைவாயில் தாண்டி மிதித்துக்கொண்டு போனார்.

கர்னலின் அறையில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். கர்னல் நடுவில். பட்டணத்திலிருந்து வந்தவர்கள் இருவர். அவர்களில் ஒரு மேஜர், நரைத்த தலை, தூக்கம் கெட்ட கண்கள். பாலைவனத்தில் ரத்தம் ஏற்றியது பற்றிக் கேட்டார்கள், சொன்னார். பர்மா எல்லையில் காய்ச்சலைக் கட்டுப்படுத்தியது பற்றிக் கேட்டார்கள், அதையும் நன்றாகவே சொன்னார். கர்னல் பெருமையாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இவர்தான் என் நோயாளிக் கணக்கைப் பாதியாக்கினவர்" என்றார் இங்கிலீஷில். "எப்படி என்று இவர்களுக்குச் சொல்லுங்கள், சுபேதார்."

வீரராகவன் இதற்காகத்தான் காத்திருந்தார். தடங்கல் இல்லாமல் வந்தது பேச்சு. "காலையில் வந்து நிற்கிற சிப்பாய் ராத்திரியே தன் வலியைத் தயார் செய்துகொண்டு வருகிறான், சார். அவன் சொல்வதை நான் இரண்டால் வகுப்பேன். அவன் சொல்வதற்கு முன்பே அவன் நடையைப் பார்த்துவிடுவேன். எந்தப் பக்கம் சாய்கிறான், எந்தத் தோளில் சுமையைப் போடுகிறான். அது பொய் சொல்லாது."

கர்னல் சிரித்தார். மேஜர் சிரிக்கவில்லை.

"பட்ட வலியைவிடக் குறைத்துச் சொல்கிற ஆள் வந்தால்?" என்று கேட்டார்.

"அப்படி ஒருவரும் வருவதில்லை, சார். காலை வரிசையில்…"

வாக்கியம் அங்கேயே நின்றது. காலை வரிசையில் அப்படி ஒருவரும் வருவதில்லை. வரிசையில் நிற்காமல் ஒருத்தி வந்தாள். தாட்சாயிணி இடதுகைக்காரி, குடம் எப்போதும் வலது இடுப்பில்தான் இருக்கும், இடதுகை வீசிக்கொண்டு வரும். இன்று காலையில் குடம் இடது இடுப்பில் இருந்தது. வலது பக்கம் சற்று மடங்கியிருந்தது, ஒரு தாளை ஓரத்தில் மடித்தது போல. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பூட்சுக்குத் திரும்பினார்.

ஒரு சிப்பாய் துப்பாக்கியைத் தோள் மாற்றியிருந்தால் அவர் விட்டிருப்பாரா?

வரிசையில் நிற்கிறவன் இரண்டு மடங்கு சொன்னான். அவர் பாதியாக்கினார், கணக்கு சரிப்பட்டது. அவள் ஏற்கெனவே பாதியாக்கிக்கொண்டு வந்தாள். அவர் அதையும் பாதியாக்கினார். அவள் வாய் திறந்து கேட்டதே எத்தனை பெரிய விஷயம் என்பது இப்போதுதான் உறைத்தது. டைபாய்டுக்குக் கூட அவள் கேட்கவில்லை.

"சுபேதார்?" என்றார் கர்னல்.

"நான் வீட்டுக்குப் போக வேண்டும், சார். என் மனைவிக்குக் குடல்வால் வீக்கமாக இருக்கலாம்."

"செய்தி வந்ததா?"

"காலையிலேயே வந்தது, சார்" என்றார் வீரராகவன். "நான்தான் டியூட்டிக்கு அனுப்பினேன்."

கர்னலுக்குப் புரியவில்லை. முகம் சிவந்தது. இன்னும் பாதிக் கேள்விகள் மிச்சம், வெளியே இன்னொருவர் காத்திருக்கிறார், இப்போது எழுந்து போனால் அவருடைய முறை முடிந்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கும் என்று சொன்னார். அது மிரட்டல் இல்லை, நடைமுறை. வீரராகவன் சல்யூட் அடித்தார். கதவைத் தாண்டும்போதுதான் இடம் போய்விட்டது என்று தெரிந்தது. தெரிந்தும் கால் நிற்கவில்லை. நிற்காத கால் முதல்முறையாக ஒரு காரணத்தோடு ஓடியது.

முற்றத்தில் காப்டன் ஆனந்தன் எதிரே வந்தான். சல்யூட் அடிக்க மறந்து, இரண்டு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னார். ஆனந்தன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"சைக்கிள்ல போய் எப்படிக் கூட்டிட்டு வருவீங்க? ஆம்புலன்ஸ் எடுத்துக்குங்க. இங்கயே கொண்டு வாங்க, தியேட்டரை நான் தயார் பண்ணி வைக்கிறேன்."

"குடும்பத்துக்கு அனுமதி…"

"யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். போங்க."

கோவிந்தன் முன்னால் ஏறிக்கொண்டான். வண்டி கிளம்பியதும், "சாப், நேர்முகம் இன்னாச்சு?" என்று ஆரம்பித்தவன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டிரைவரை வேகமாகப் போகச் சொன்னான்.

வீட்டில் அடுப்பில் உலை கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. தாட்சாயிணி மாட்டுக்கொட்டகைச் சுவர் ஓரமாக, முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடித்துக்கொண்டு கிடந்தாள். குப்பம்மா பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"வா டாக்டரே" என்றாள் குப்பம்மா. "இப்பவாச்சும் வந்தியே. பட்டாளத்துல ஆம்பளைங்களுக்கு மட்டுந்தான் வவுறு கீதுன்னு நெனச்சிகினியா? பச்ச பாட்டிலக் குடிச்சிட்டு மாவு இடிக்கப் போய்கீறா, உலக்கையோட உழுந்துட்டா."

அவர் மண்டியிட்டு அவள் வயிற்றில் கை வைத்தார். பலகை போல இருந்தது. காலையிலேயே வைத்திருக்க வேண்டிய கை.

"எப்படி இருக்கு?"

"கொஞ்சம் அதிகந்தான்" என்றாள் தாட்சாயிணி. கண் திறக்கவில்லை.

ஆனந்தன்தான் அறுவை செய்தான். கதவுக்கு வெளியே நின்ற வீரராகவனிடம் முதலில் வந்து, எப்போது வலி ஆரம்பித்தது, எங்கே ஆரம்பித்தது, வாந்தி எடுத்தாளா என்று கேட்டான். எல்லா டாக்டரும் கேட்கிற கேள்விகள். அவற்றில் ஒன்றையும் அவர் காலையில் அவளிடம் கேட்டிருக்கவில்லை. ஆனந்தன் அதற்கு மேல் கேட்கவில்லை, உள்ளே போய்விட்டான். குடல்வால் உடைந்து சீழ் பரவியிருந்தது. பட்டாளத்தில் பெனிசிலின் இருந்ததால் பிழைத்தாள். வெளியில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாத காலம் அது. காய்ச்சல் பல நாள் ஏறி இறங்கியது. அத்தனை நாளும் வீரராகவன் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார்.

சுருக்கப் படிப்புக்கு அன்று வெளியே காத்திருந்தவர் போனார். கர்னல் நல்ல மனிதர்தான். அடுத்த வருஷமும் இடம் வரும், வயதைப் பார்த்துக்கொள்ளலாம், இப்போது போலவே வேலை செய்யுங்கள் என்றார்.

அதுதான் முடியாமல் போயிற்று.

வீரராகவன் மறுபடியும் காலை வரிசையின் முன் நின்றார். முதலில் நின்ற சிப்பாய் வயிற்றுவலி என்றான். அவன் நின்ற நிலையில் ஒரு கோணலும் இல்லை. முன்பு என்றால் டியூட்டி எழுதி அனுப்பியிருப்பார். இப்போது படுக்க வைத்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், இருந்தும் இருக்கலாம் என்று தோன்றியது. படுக்கை எழுதினார். அடுத்தவனுக்கும் அப்படியே. டியூட்டி சாப் மாறிவிட்டார் என்ற செய்தி கிடங்கு முழுக்கப் பரவியது. வரிசை நீண்டது. அதில் பொய்க்காரர்கள் எத்தனை பேர் என்று அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனால் இவன்தான் பொய்க்காரன் என்று விரல் நீட்டும் நிச்சயம் போய்விட்டது.

"சாப், இவனுங்க எல்லாம் உங்கள ஏமாத்துறானுங்க" என்றான் கோவிந்தன், பொறுக்க முடியாமல். "நேத்து படுக்க வெச்சீங்களே ஒருத்தன, ராத்திரி தாயம் ஆடிகினு இருந்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவன் பக்கத்துல படுத்திருந்தானே ஒருத்தன், அவனுக்கு நிஜமாவே கல்லீரல்ல கட்டி. அவனும் இவனும் ஒரே மாதிரிதான் வந்து நின்னாங்க. நீ கண்டுபிடிச்சியா?"

ஆனால் அந்த ஒருவனுக்காக வார்டு நிரம்பி வழிவதைக் கர்னல் ஏற்கவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. பட்டாளம் தன் முடிவையே சந்தேகப்படுகிறவர்களை வைத்து நடக்காது. அடுத்த வருஷத்துச் சிபாரிசில் வீரராகவன் பெயர் இல்லை. எதற்காக அவரைத் தேர்ந்தெடுக்க இருந்தார்களோ அது அவரிடம் இப்போது இல்லை. அதில்லாமல் ஆபீசர் ஆகியிருந்தாலும் என்ன செய்திருப்பார் என்று அவருக்கே தெரியவில்லை. நாற்பத்தேழு கோடையில் விடுவிப்பு கேட்டு வாங்கிக்கொண்டார். கடைசி நாளில் ஆனந்தனுக்கு அடித்த சல்யூட்டில் மட்டும் பழைய கசப்பு இல்லை. ஆனந்தன் வழக்கம் போலக் கூச்சப்பட்டான்.

அம்பத்தூரில் ஒரு சின்ன வைத்தியசாலை வைத்தார். வந்தவர்களை வரிசையில் நிற்க வைப்பதில்லை. ஆண்கள் சொன்னால் ஒரு கணக்கு, பெண்கள் சொன்னால் வேறு கணக்கு என்று கொஞ்ச காலம் வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லாத ஒருத்தியைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அவள் புருஷனிடம் திட்டு வாங்கினார். பிறகு அந்தக் கணக்கையும் விட்டார். ஒவ்வொருவரையும் முதலிலிருந்து கேட்க வேண்டியிருந்தது. அது அலுப்பூட்டும் வேலை. அவருடைய அமைதியின்மை அதில் தீரவில்லை, இடம் மாறியது மட்டுமே. முன்பு தான் எங்கே இருக்க வேண்டும் என்று அலைந்தார். இப்போது எதிரே இருப்பவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்று அலைந்தார்.

தாட்சாயிணி தேறி எழுந்துவிட்டாள். ஆனால் வலது பக்கத் தழும்பில் குடம் உரசினால் உறுத்துகிறது என்று, அன்று முதல் குடம் எப்போதும் இடது இடுப்புக்கே போய்விட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வீரராகவன் கையிலிருப்பதை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அவருக்குத் தெரிந்திருந்த ஒரே அடையாளம் அதுதான். இப்போது அது தினமும் இருந்தது; அதனால் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஒரு காலையில் அவள் கிணற்றிலிருந்து வந்துகொண்டிருந்தபோது வைத்தியசாலைக்குப் புறப்பட்டவர் சைக்கிளை நிறுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"கொஞ்சங்கூடவா?"

அவள் குடத்தை இறக்கிப் படியில் வைத்தாள்.

"கொஞ்சம்னு சொன்னா வண்டி கட்டிகினு ஆவடிக்குக் கூட்டிப் போயிடுவீங்க. இல்லன்னு சொன்னா நம்ப மாட்டீங்க" என்றாள். "நானு இன்னாதான் சொல்றது?"

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, குடத்தைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். பிறகு திரும்பி வந்து, அவள் வாசலிலிருந்து அடுப்பங்கரை வரை நடந்து போவதை நின்று பார்த்தார்.